கைப்பிடியைக் கழற்றும் மனிதர்

நன்றாக இருக்கும் ஒரு கதவைப் பார்த்தால் திறந்து உள்ளே போகிறவர்கள் ஒரு வகை. அதே கதவுக்கு முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "இதுக்கு ஒரு மோட்டார் வெச்சா என்ன?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் அந்த வீட்டில் அழைப்பு மணி அடிக்காது. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் செருகியிருக்கும். விருந்துக்கு வந்தால் உட்கார மாட்டார். சுவரோரமாக நடந்து ஒவ்வொரு சுவிட்சையும் ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டின் மேல் பரிதாபப்பட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு வந்துவிட்டால் காரியம் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்குக் கேட்பார்.

"இந்தக் கதவ ஒரு நாளைக்கு எத்தன தடவ திறக்கிறீங்க?"

நீங்கள் வெள்ளந்தியாக, "ஒரு பன்னெண்டு தடவ இருக்கும்" என்பீர்கள்.

"அப்போ வருஷத்துக்கு நாலாயிரத்து முந்நூத்தி எம்பது தடவ! யோசிச்சுப் பாருங்க!"

நீங்களும் யோசிப்பீர்கள். அதுவரை வலிக்காத தோள்பட்டை அந்த நிமிஷத்திலிருந்து வலிக்கும். நோயைக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதுகிற சாமர்த்தியம் இவருக்கு மட்டும்தான் உண்டு.

இவர் வாயில் மூன்று வாசகங்கள் மாறி மாறி வரும். "ஒரே ஒரு பட்டன்தான்." "அஞ்சு நிமிஷ வேலை." "வீடியோ பார்த்துட்டேன்." மூன்றாவதுதான் ஆபத்து. அந்த வீடியோவில் வருகிறவனின் சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. கேட்ட சாமான் கேட்ட இடத்தில் கிடைக்கிறது. பின்னால் நின்று "ஏங்க, இது இப்ப அவசியமா?" என்று கேட்க அவனுக்கு மனைவியும் இல்லை.

ஆனால் புதிதாக ஒன்றை மாட்டுவதால் மட்டும் இவர் இந்த வகையில் சேர்ந்துவிடுவதில்லை. மாட்டியதும் பழையதைக் கழற்றுவார். அதுதான் அடையாளம். மின்விசிறிக்கு ரிமோட் வந்துவிட்டதா? சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிடுவார். "இனிமே இது எதுக்கு?" திரைச்சீலைக்கு மோட்டார் வந்துவிட்டதா? இழுக்கும் கயிற்றை அறுத்துவிடுவார். "இனிமே இது எதுக்கு?" பழைய வழி திறந்திருக்கும்வரை புதிய வழிக்கு மரியாதை இல்லை என்பது இவருடைய எண்ணம். அதனால்தான் நான் இவருக்குக் கைப்பிடி கழற்றி என்று பெயர் வைத்தேன்.

யாரைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். வேறு யாரை? கூடப் பிறந்த தம்பியைத்தான்.

அவனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். பூகோள வாத்தியார். படத்தைப் பார்க்காமலே ஒரு கண்டம் முழுவதையும் கரும்பலகையில் போட்டு, ஆறுகளை உற்பத்தியாகும் இடத்திலிருந்து கடலில் விழும் இடம்வரை விட்டுவிடுவான். பட்டம் வாங்கிய படத்தை நான் இரண்டு அளவில் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பெரியது கூடத்துக்கு, சின்னது மாட்டுக் கொட்டகைக்கு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதனால் அவன் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கும் நடந்ததில் ஒரு பங்கு இருக்கிறது. மறைக்க மாட்டேன், அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவன் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய ரிமோட் கிடக்கிறது. மொத்தம் ஏழு. ஏழுக்கும் பிரிக்காத உறை, ஏழுக்கும் ரப்பர் வளையம். எது எதற்கென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் மூன்றாவது முயற்சியில். போன குளிர்காலத்தில் மின்விசிறியின் ரிமோட் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நாலு நாள் விசிறி ஐந்தாம் எண்ணிலேயே சுற்றியது. அணைக்கலாம் என்றால் அறை முழுவதும் இருட்டாகும், விளக்கையும் விசிறியையும் ஒரே இணைப்பில் கொடுத்திருந்தான். நாலு ராத்திரியும் குடும்பமே கம்பளிக்குள் பற்கள் தந்தியடிக்கப் படுத்திருந்தது.

"அண்ணி, உங்க தம்பிக்கிட்ட நீங்களாவது சொல்லுங்க" என்று அவன் மனைவி என்னிடம் அழாக்குறையாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்சவன், ஏதாவது காரணம் இருக்கும்மா" என்றேன். அந்தப் பாவம்தான் எங்கள் கொட்டகைக் கதவில் வந்து விடிந்தது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறடி அகலம், ஏழரை அடி உயரம், நல்ல கனத்த பலகை. கீல் கிடையாது. மேலே கொட்டகையின் உள்சுவரில் ஓர் இரும்புத் தண்டவாளம், அதில் இரண்டு சக்கரம், சக்கரத்தில் கதவு தொங்கும். பக்கவாட்டில் தள்ளினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே ஏணி போட்டு ஏறிச் சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பேன், தேதியை நோட்டில் எழுதிவைப்பேன். அவ்வளவு கனமான கதவு இரண்டு விரலுக்கு ஓடும். இரண்டு கையிலும் வாளி இருந்தால் இடுப்பால் ஓர் இடி. ஓடிவிடும்.

அந்த இடியைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பார்த்துவிட்டான்.

"அக்கா! இடுப்பால தள்ளுறியா?"

"ஆமா. இடுப்பு வேற எதுக்குடா இருக்கு?"

"இந்தக் காலத்துல போயி..." என்று பெருமூச்சு விட்டான். எத்தனை தடவை என்றான். பன்னிரண்டு என்றேன். மீதி உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பால் கேனைக் கழுவிக்கொண்டே, "ஓடுற கதவுக்கு எதுக்கு மாப்பிள மோட்டாரு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரே ஒரு பட்டன்தான் மாமா."

"கையில அஞ்சு விரல் இருக்குல்ல?"

"மாமா, அதெல்லாம் அந்தக் காலம்."

அவர் தம் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு கேனைத் தூக்கிப் போய்விட்டார். நான் தலையாட்டினேன். தம்பி ஆசைப்படுகிறான், செய்யட்டுமே.

ஐந்து நிமிஷ வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதல் ஞாயிறு, பெட்டியைப் பிரித்தான். செய்முறைப் புத்தகம் நாற்பது பக்கம். அதை எடுத்து அப்படியே என்னிடம் கொடுத்து, "பத்திரமா வை" என்றான். இந்த வகையினர் புத்தகத்தை முதலில் படிப்பது கிடையாது, கடைசியில் படிப்பதும் கிடையாது, எல்லாம் உடைந்தபிறகு ஒருமுறை புரட்டிப் பார்த்து, "அச்சுல தப்பா போட்டிருக்கான்" என்பார்கள். இரண்டாம் ஞாயிறு, தண்டவாளத்தின் கோடியில் மோட்டாரை ஏற்றினான், அதிலிருந்து ஒரு பல்வைத்த பட்டையை இழுத்துக் கதவோடு கோத்தான். கதவு ஓடியது, ஆனால் தலைகீழாக: திற என்றால் மூடியது, மூடு என்றால் திறந்தது. அதை ஒரு பிழையாகவே அவன் நினைக்கவில்லை. "பழகிக்கலாம் அக்கா" என்றான். நான்தான் விடாமல் மாற்ற வைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு பட்டன் அழுத்தியவுடன் கதவு சொல்பேச்சு கேட்டது. கதவு திறக்கும்போது கைப்பிடி சுவரோரத்தில் லேசாக உரசியது. உடனே திருப்புளியை எடுத்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டு கைப்பிடியும் கழன்றன.

"டேய், அது எதுக்குடா..."

"இனிமே இது எதுக்கு?"

போகிற போக்கில் இன்னொரு வசதியும் செய்து கொடுத்தான். திறந்த கதவை மறந்துவிட்டுப் போனாலும் இரண்டு நிமிஷத்தில் அதுவே மூடிக்கொள்ளும். "மறதிக்காரங்களுக்காக" என்றான். எங்கள் வீட்டில் மறதிக்காரர் யார் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு தரையில் ஒரு சாமான் மிச்சம் கிடந்தது. முழ நீளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு, அதன் நுனியில் ஒரு கொக்கி.

"இது எதுக்கு தம்பி?"

ஒரு கணம் பார்த்தான். கண்டத்தையே மனப்பாடமாகப் போடுகிறவன் அந்தக் கயிற்றைப் பார்த்து, "எக்ஸ்ட்ரா அக்கா. ஒண்ணு ரெண்டு கூடப் போட்டுத்தான் அனுப்புவான்" என்றான்.

நான் எதையும் எறிகிறவள் இல்லை. கயிற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். சீட்டு எழுதினேன்: "மீதி. வேண்டாதது. எறியக்கூடாது." மோட்டாரோடு வந்த இரண்டாவது ரிமோட்டை இன்னோர் உறையில் போட்டேன். சீட்டு எழுதினேன்: "அவசரத்துக்கு." இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினேன். ஆணியை எங்கே அடித்தேன்? கொட்டகைக்கு உள்ளே, அவன் பட்டம் வாங்கிய படத்துக்குப் பக்கத்தில்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது நாலு தடவை திறந்து மூடிக் காட்டினேன். ஐந்தாவது தடவை அவள், "போதும்க்கா, நம்பிட்டேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் மாடு ஒன்று கன்று போடும் நாள். அதற்கு மேனேஜர் என்று பெயர். மற்ற மூன்று மாடும் வேலை செய்ய, இது நடுவில் நின்று மேற்பார்வை பார்க்கும். அதனால் வந்த பெயர். தலைச்சன் கன்று. மற்ற மூன்றையும் தகரப் பந்தலுக்கு மாற்றிவிட்டு மேனேஜரை மட்டும் கொட்டகைக்குள் விட்டிருந்தேன். பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. பத்து நாற்பதுக்கு ஒரு குளம்பு தெரிந்தது. நோட்டில் எழுதினேன். முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வரவேண்டும். ஒரு குளம்பு மட்டும் வந்தால் மற்றக் கால் உள்ளே மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே முக்கவிட்டால் கன்றும் போகும், தாயும் போகும். மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். வெந்நீர் எடுக்க நான் வெளியே வந்தேன். வீட்டுக்காரர் பால் கொடுக்கப் போயிருந்தார். தம்பி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், "கதவு எப்படி ஓடுது?" என்று பார்க்க அப்போதுதான் வந்திறங்கினான்.

என் பின்னால் கதவு சொன்னபடி இரண்டு நிமிஷத்தில் மூடிக்கொண்டது. மூடிய கையோடு மின்சாரம் போனது.

டாக்டரம்மா பையோடு வந்து நின்றார். தம்பி என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிப் பெருமையாக நீட்டி அழுத்தினான். ஒன்றுமில்லை. தொடையில் ஒரு தட்டுத் தட்டி அழுத்தினான். பேட்டரியைக் கழற்றி, உள்ளங்கையில் உருட்டி, திரும்பப் போட்டு அழுத்தினான்.

"கரன்ட் இல்லப்பா" என்றார் டாக்டரம்மா.

"தெரியும் மேடம். ஒருவேளை..." என்று மறுபடி அழுத்தினான்.

நான் கதவில் கையை வைத்துத் தள்ளினேன். இரண்டு விரலுக்கு ஓடிய கதவு. மோட்டார் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஓர் அங்குலம் அசையவில்லை. பிடித்து இழுக்கவும் ஒன்றுமில்லை, கைப்பிடி இருந்த இடத்தில் நாலு துளை. உள்ளே மேனேஜர் கத்தியது. அது சாதாரணமாகக் கத்துகிற மாடு இல்லை.

"வேற வழி இல்லையா?"

"ஜன்னல்ல கம்பி இருக்கு டாக்டரம்மா."

அவர் கதவின் மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். "மோட்டார் வெச்ச கதவ இன்னொரு பண்ணைல பார்த்திருக்கேன். கரன்ட் போனா பட்டையக் கழட்டிவிட ஒரு செவப்புக் கயிறு இருக்குமே? மேல ஒரு துளை போட்டு வெளிய தொங்க விட்டிருப்பாங்க. அது எங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன்.

"அது... மிச்சமா வந்துச்சு மேடம்."

"மிச்சமா வந்துச்சா! சரி, எங்க இருக்கு?"

"அக்கா பத்திரமா வெச்சிருக்கா."

"பத்திரமான்னா எங்கம்மா?"

"உள்ள" என்றேன்.

படித்தவர்களும் பத்திரப்படுத்துகிறவர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா முகத்திலேயே எழுதியிருந்தது.

ஒரு வழி இருந்தது. பின்சுவரில், தரையோடு தரையாக, சாணத்தைக் கழுவித் தள்ளுகிற பொந்து. அகலம் பதினெட்டு அங்குலம். கட்டும்போது நானே அளந்தது. டாக்டரம்மா வாட்டசாட்டமானவர், போக முடியாது. என் இடுப்பு நுழையாது. தம்பியின் தோள் பதினேழு அங்குலம். போன வருஷம் அவன் பள்ளி ஆண்டு விழாச் சட்டைக்கு அளவு கொடுத்தவள் நான்தான்.

நாங்கள் இருவரும் அவனையே பார்த்தோம்.

"நானா?"

"நீதான்டா. உனக்கு ஒரு அங்குலம் மிச்சம் இருக்கு."

"அக்கா, சட்டை..."

"இனிமே அது எதுக்கு?" என்றேன்.

அவன் பின்சுவருக்கு நடந்தான். குப்புறப் படுத்தான். தலை போயிற்று, தோள் போயிற்று, பூகோள ஆசிரியரின் மீதியும் அங்குலம் அங்குலமாக உள்ளே போயிற்று. வாழ்க்கையில் அவன் எத்தனையோ கால்வாய்களை வரைந்திருக்கிறான். ஒன்றில் பயணம் செய்தது இதுதான் முதல்முறை.

நான் முன்பக்கம் ஓடிவந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். எழுந்து நின்றான். நேராக ஆணியிடம் போனான். "அவசரத்துக்கு" என்று எழுதிய உறையைக் கிழித்தான். ரிமோட்டை எடுத்தான். கதவை நோக்கி நீட்டி அழுத்தினான்.

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடே ஒரு கணம் முக்குவதை நிறுத்தியது. "கரன்ட் இல்லடா! கயிறு! பக்கத்து உறை!"

தீவனத் தொட்டியின் விளிம்பில் ஏறி, பட்டை கதவோடு சேரும் இடத்தில் கொக்கியை மாட்டி இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். பட்டை விட்டது. நான் கைப்பிடித் துளைகளின் மேல் இரண்டு விரலை வைத்துத் தள்ளினேன். இரண்டே விரல். ஓடியது.

டாக்டரம்மா முழங்கைவரை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். கன்றை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலைத் தேடிப்பிடித்து, குளம்பை உள்ளங்கையால் மூடி, தாய்க்குக் கிழியாமல் நிமிர்த்தி எடுத்தார். பன்னிரண்டு நிமிஷம். நோட்டில் இருக்கிறது. மேனேஜரின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பிதான், பிடியை விடவேயில்லை. கடைசியில் கிடேரிக் கன்று வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. டாக்டரம்மா அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை நாசியில் விட்டுக் கிளறினார். கன்று ஒரு தும்மல் போட்டது. தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. மோட்டார் உறுமியது. மறதிக்காரர்களுக்காகக் கதவை மூடப் பட்டை ஓடியது. பட்டை மட்டும்தான் ஓடியது, கதவு நின்ற இடத்திலேயே நின்றது. யாருக்கும் தொல்லை கொடுக்காமல் அந்த மோட்டார் வேலை செய்தது அன்றுதான்.

டாக்டரம்மா போனபிறகு தம்பி மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்தான். மாமாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கன்றின் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்தான். ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் காத்திருந்தேன். தப்பு என்று அவன் சொன்னால் நானும் 'வேண்டாதது' என்று எழுதிய சீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"அக்கா."

"சொல்லுடா."

"ஒரு சின்ன பேட்டரி மட்டும் வெச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அஞ்சு நிமிஷ வேலை."

பால் கேனோடு அப்போதுதான் உள்ளே வந்த என் வீட்டுக்காரர், கேனைக் கீழே வைத்து, அவன் கழற்றிப் போட்டிருந்த சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்துத் தம் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் பேச அவருக்கு எப்போதும் வராது.

நீங்கள் இதுவரை சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். மாடு உள்ளே கத்த, டாக்டரம்மா வெளியே நிற்க, என் தம்பி ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தானே, அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? "அட, ஒரு பேட்டரி வைத்திருக்கலாமே" என்று ஓடியதா? அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓடியதா?

சரி. நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கன்று நன்றாக இருக்கிறது, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கொட்டகைக் கதவைக் கையால்தான் தள்ளவேண்டும். கைப்பிடி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நாலு திருகாணி. நீங்கள் வரும்போது ஒருமுறை எண்ணுவேன். போகும்போது ஒருமுறை எண்ணுவேன்.